உங்கள் ரத்தம்தான், ஊசி யாருடையது?

‘உங்க ரத்தம்தானே மேடம், இதுல பயப்பட என்ன இருக்கு?’

தோல் அழகு கிளினிக்குகளின் வரவேற்பறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. தரமணியில் தொடங்கி ராஜீவ் காந்தி சாலை நெடுகவும், இந்தப் பக்கம் திருவான்மியூர், அடையாறு, தி.நகர் வரையிலும் இப்படிப்பட்ட கிளினிக்குகள் பெருகிவிட்டன. 2000-ல் டைடல் பார்க் வந்த பிறகு இந்தப் பகுதியின் வாழ்க்கையே மாறியது. நல்ல சம்பளம், இரவுப் பணி, நாளெல்லாம் கேமரா முன்னால் மீட்டிங். கூடவே கண்ணுக்குக் கீழே கருவளையம், முப்பதிலேயே நெற்றிக் கோடு என்ற கவலைகளும் வந்தன. அந்தக் கவலைகளுக்குத் தீர்வாக விற்கப்படுவதுதான் பி.ஆர்.பி. (பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா). கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நிற பிளாஸ்மாவை ஊசியால் முகத்துக்குள் செலுத்துவார்கள். ‘வேம்பயர் ஃபேஷியல்’ என்ற பெயரும் இதற்கு உண்டு. ஒரு சிட்டிங் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கும். மூன்று, நான்கு சிட்டிங் சேர்த்து பேக்கேஜ், தேவைப்பட்டால் இ.எம்.ஐ.

‘உங்கள் ரத்தம்தானே’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது. சொந்த ரத்தத்தை உடல் வெளிப்பொருளாகக் கருதி எதிர்க்காது; ஒவ்வாமைக்கான வாய்ப்பும் மிகக் குறைவு. மீதிப் பாதி சொல்லப்படுவதில்லை. உடலை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து அந்த ரத்தம் ஒரு குழாயிலும், ஒரு மெஷினிலும், ஒரு மேசையிலும், இன்னொருவர் கையிலும் இருக்கிறது. திரும்ப உங்களுக்குள் வருவது உங்கள் ரத்தம் மட்டும்தானா என்பதை முடிவுசெய்வது உங்கள் உடல் அல்ல. அந்த அறையின் ஒழுங்கு. ரத்தம் எடுத்துத் திரும்பச் செலுத்தும் எந்த இடமும் மருத்துவமனைக்குரிய ஒழுங்கோடும் சட்டக் கண்காணிப்போடும் இயங்க வேண்டும். அழகு நிலையத்தின் சேவைப் பட்டியலில் ஒரு வரியாக அது இருக்கக் கூடாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அந்த மஞ்சள் நீரில் என்ன இருக்கிறது? டெங்குக் காய்ச்சல் வந்துபோன எந்த வீட்டுக்கும் ‘பிளேட்லெட் கவுன்ட்’ தெரியும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டிய தட்டணுக்கள் குறையக் குறைய வீடே கலங்கும். அதே தட்டணுக்கள்தான் இங்கும் கதாநாயகர்கள். 10 முதல் 20 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்த குழாயில் விட்டுச் சுழற்றினால், கனமான சிவப்பணுக்கள் அடியில் படியும். மேலே பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவில் வெள்ளணுக்களின் மெல்லிய ஏடு. பிளாஸ்மாவின் கீழ்ப்பகுதியில் தட்டணுக்கள் செறிந்து நிற்கும். அதைப் பிரித்தெடுத்து, பெரும்பாலும் இன்னொரு முறையும் சுழற்றினால், இயல்பைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு தட்டணுக்கள் கொண்ட பிளாஸ்மா கிடைக்கும். ஒரு மைக்ரோலிட்டருக்குப் பத்து லட்சம் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் இலக்கு.

அடிபட்ட இடத்தில் ரத்தத்தை உறையவைப்பதோடு தட்டணுவின் வேலை முடிவதில்லை. தன்னுள் இருக்கும் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்களையும் அது அங்கே கொட்டுகிறது. அவை சுற்றியுள்ள செல்களைத் தூண்டுகின்றன. தோலின் அடியடுக்கில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் புதிதாகக் கொலாஜன் இழைகளை நெய்யத் தொடங்குகின்றன. காயம் ஆறுவது இப்படித்தான். காயம் இல்லாத கன்னத்திலும் இதே வேலையை நடத்திவிட்டால் சுருக்கம் குறையாதா, தோல் இறுகாதா என்பதுதான் பி.ஆர்.பி. ஃபேஷியலின் அடிப்படைக் கேள்வி. நியாயமான கேள்விதான்.

எல்லா விளம்பரப் பலகையிலும் மின்னும் இந்தக் கொலாஜனுக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அதன் மூலக்கூறு எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்பதை உலகுக்குச் சொன்னது சென்னைதான். 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று புரதச் சங்கிலிகள் பின்னிக்கொண்டிருக்கும் வடிவம் அது என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார்கள். ஆய்வுக்கு வேண்டிய கொலாஜன், கங்காரு வாலின் தசைநாரிலிருந்து கிடைத்தது. அதைக் கொடுத்தது அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். தரமணியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்துக்குள் நடந்து முடிந்த அறிவியல் இது. அந்தப் புரதத்தின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்குகிறவர்களிடம் அந்த அறிவியலின் நேர்மையில் கொஞ்சம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பி.ஆர்.பி. ஏமாற்று வேலை அல்ல. 1987-ல் இதய அறுவை சிகிச்சையில் ரத்த இழப்பைச் சமாளிக்க இது பயன்பட்டதாகப் பதிவு இருக்கிறது. 1998-ல் தாடை எலும்பு ஒட்டு வைக்கும் அறுவை சிகிச்சையில் எலும்பு வேகமாக வளர உதவியது என்ற ஆய்வு வந்த பிறகு பல் மருத்துவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்குப் பயன்படுத்துகிறார்கள். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்களுக்கு, இதே தட்டணுக்களை உறைந்த ஃபைப்ரின் ஏடாக மாற்றி வைத்துப் பார்த்த இந்தியத் தோல் மருத்துவர்கள் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். பரம்பரை முடி உதிர்விலும் ஓரளவு ஆதாரம் சேர்ந்திருக்கிறது. புண் ஆற வேண்டிய உடலில் புண் ஆற்றும் பொருளை வைப்பது தர்க்கத்துக்குப் பொருந்துகிறது.

முகம் இளமையாகுமா என்பது வேறு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். 27 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கன்னத்தில் பி.ஆர்.பி., மறு கன்னத்தில் வெறும் உப்புநீர். எந்தப் பக்கம் எது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, பி.ஆர்.பி. போட்ட பக்கத் தோல் மேலும் மிருதுவாகியிருப்பதாக அவர்களே சொன்னார்கள். ஆனால், எந்தக் கன்னத்தில் எது போடப்பட்டது என்று தெரியாமல் புகைப்படங்களை மதிப்பிட்ட தோல் மருத்துவர்களின் கணக்கில் இரு கன்னங்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தொட்டுப் பார்த்தவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. அந்த மாற்றத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பணம் கட்டுகிறவரிடம் இந்த முடிவைச் சொல்லாமல் விடுவது தவறு என்பேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாத்திரை அட்டையில் 500 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால் மதுரையில் வாங்கினாலும் மயிலாப்பூரில் வாங்கினாலும் அது 500 மில்லிகிராம். பி.ஆர்.பி.க்கு அப்படி அளவு இல்லை. எடுத்த ரத்தம், குழாய், மெஷினின் வேகம், சுற்றிய நிமிடங்கள், அன்றைக்கு உங்கள் உடலில் இருந்த தட்டணு எண்ணிக்கை என எல்லாம் சேர்ந்துதான் அதன் வீரியத்தை முடிவுசெய்யும். மலிவான மெஷினில் அவசரமாகச் சுற்றினால் கிடைப்பது வெறும் பிளாஸ்மாவாகவே இருக்கலாம். ஊசிக்குள் போவதில் எத்தனை தட்டணு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் கிளினிக்குகள் குறைவு. ஒருவருக்குப் பலன் தெரிந்து அவர் தோழிக்குத் தெரியாமல் போக இது ஒன்றே போதும்.

இதற்குக் காட்டேரிப் பெயர் சூட்டி வணிக முத்திரையாகப் பதிந்தவர் அலபாமா மாகாண மருத்துவர் சார்லஸ் ருனெல்ஸ். 2013-ல் கிம் கர்தாஷியன் ரத்தம் வழியும் தன் முகத்தைப் படமெடுத்து வெளியிட்டார். உலகம் முழுக்கக் கிளினிக்குகளுக்குக் கூட்டம் வந்தது. ஐந்தாண்டு கழித்து அவரே, கடுமையாக வலித்தது, இனி ஒருபோதும் செய்துகொள்ள மாட்டேன் என்று எழுதினார். முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை.

இனி ஆல்புகர்கிக்கு வருகிறேன். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து நகரம் அது. 2018 கோடையில் அங்கே நாற்பதுகளில் இருந்த ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. உறுதியானது. போதை ஊசி இல்லை, ரத்தம் ஏற்றிக்கொண்டதில்லை, தொற்று உள்ளவரோடு உறவு இல்லை. அவர் நினைவுகூர்ந்தது ஒன்றைத்தான்: ஓர் அழகு நிலையத்தில் செய்துகொண்ட வேம்பயர் ஃபேஷியல். சுகாதாரத் துறையினர் அந்த இடத்துக்குப் போனபோது, சமையலறை மேடையில் பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் இருந்தன. குளிர்பதனப் பெட்டியில் உணவோடு சேர்த்து ரத்தக் குழாய்களும் ஊசி மருந்துகளும். இழுப்பறைகளில் உறை பிரித்த சிரிஞ்சுகள். கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் கிடையவே கிடையாது. நிலையம் மூடப்பட்டது, நடத்தியவர் உரிமம் இன்றி மருத்துவம் செய்ததை ஒப்புக்கொண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, ஆய்வில் சிக்கிய வைரஸ்கள் ஒன்றோடொன்று நெருங்கிய உறவுடையவை என்றது. அங்கு சிகிச்சை எடுத்தவர்களில் மூன்று பெண்களுக்கு அந்த ஃபேஷியல் வழியாகவே தொற்று வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அது வந்தது. அழகுக்காகப் போட்ட ஊசியால் எச்.ஐ.வி. பரவியதாகப் பதிவான முதல் நிகழ்வு அதுதான். அந்த அறிக்கையில் என்னை அதிகம் உறுத்தியது வேறொரு வரி: வந்தவர்களின் பெயர், தொடர்பு விவரங்களை ஒழுங்காகக் குறித்துவைக்கும் ஏற்பாடு அந்த நிலையத்தில் இல்லை. அதனால், யாரையெல்லாம் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே அதிகாரிகள் அல்லாட வேண்டியிருந்தது.

இந்தக் கதையைத் தரமணியில் இருந்துகொண்டு படிப்பதற்குத் தனி அர்த்தம் இருக்கிறது. டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி 1958-ல் தொடங்கிய தன்னார்வ நலப் பணி அமைப்பின் மருத்துவமனை, நாம் வி.எச்.எஸ். என்று அழைப்பது, இங்கேதான் இருக்கிறது. அதே வளாகத்தில் ரோட்டரி சென்ட்ரல் டி.டி.கே. வி.எச்.எஸ். ரத்த வங்கி. டாக்டர் சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் எய்ட்ஸ் ஆராய்ச்சி மையமும் பல ஆண்டுகள் இந்த வளாகத்தில்தான் இயங்கியது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று 1986-ல் முதன்முதலாகக் கண்டறிந்தவர்கள் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமி தெரிந்தது. நம் நாட்டுக்கு அந்த நோய் வராது என்று பெரியவர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்த காலம். அதன் பிறகும் பணத்துக்காக ரத்தம் விற்பதும், சரியாகச் சோதிக்காத ரத்தத்தை ஏற்றுவதும் தொடர்ந்தன. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி 1 முதல் ரத்தம் விற்கும் தொழில் தடைசெய்யப்பட்ட பிறகே நிலைமை திருந்தியது.

இன்று ரத்த வங்கியில் கொடையாளியிடம் எடுக்கும் ஒவ்வொரு பைக்கும் எண் உண்டு. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்காமல் ஒரு துளியும் வெளியே போகாது. யார் கொடுத்தது, யாருக்குப் போனது என்று பதிவேட்டில் இருக்கும். மருந்து, அழகுசாதனச் சட்டத்தின்கீழ் உரிமம் இல்லாமல் ரத்த வங்கி நடத்த முடியாது. பல உயிர்களை இழந்து, நீதிமன்றப் படியேறிப் பெற்ற ஒழுங்கு இது. கிளினிக்கில் எடுத்து, அங்கேயே சுழற்றி, அவருக்கே செலுத்தும் 20 மில்லி இந்தச் சோதனைச் சங்கிலிக்குள் வருவதில்லை. அவரவர் ரத்தம் அவரவருக்கு என்பதால் சோதனை வேண்டாம் என்பது ஏற்கக்கூடியதே. ஆனால், குழாயில் பெயர் எழுதுவதற்கும், ஒருவருக்குப் பயன்படுத்தியதை இன்னொருவருக்குத் தொடாமல் இருப்பதற்கும், பதிவேடு வைப்பதற்கும் எந்த விலக்கும் இருக்கக் கூடாது. ஒரே நேரத்தில் நான்கு பேருடைய குழாய்கள் சுழலும் மெஷினில் இரண்டு குழாய் இடம் மாறினால் போதும். ‘உங்கள் ரத்தம்’ என்ற வாக்குறுதி அங்கேயே முடிந்துவிடும்.

நம் ஊரில் அப்படியெல்லாம் நடக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2016 மே மாதம் சென்னையில், 22 வயது மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் முடி மாற்று சிகிச்சைக்குப் போனார். சிகிச்சையின்போது உடல்நிலை மோசமாகி, பிறகு வேலூர் மருத்துவமனையில் இறந்துபோனார். அவர் போன இடத்துக்கு அழகு நிலையம் நடத்தும் உரிமம் மட்டுமே இருந்தது விசாரணையில் தெரியவந்தது. மருத்துவம் படித்த பிள்ளைக்கே உள்ளே இருப்பது மருத்துவமனையா அழகு நிலையமா என்று பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால், நானும் நீங்களும் எப்படிச் சொல்வோம்? 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் முடி மாற்று சிகிச்சைக்கான நெறிமுறைகளை வெளியிட்டபோது, பயிலரங்குகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்பது போதுமான பயிற்சி ஆகாது என்று எழுத வேண்டியிருந்தது. அப்படி ஒரு வரியை எழுதும் நிலை வந்ததே நிலவரத்தைச் சொல்லிவிடுகிறது.

ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களைக் கடிந்துகொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ‘வயசுக்கேத்த மாதிரி இருக்கத் தெரியல’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாண்டுகளில் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பிரசவத்துக்குப் பின் கன்னத்தில் படரும் மங்கு, முகப்பரு விட்டுச்சென்ற பள்ளங்கள், நாற்பதில் தளரும் தாடை ஆகிய எதையும் அந்தப் பெண் விரும்பி வாங்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களும் அலுவலகத்தில் உடனிருப்பவர்களும் முகத்தைப் பார்த்தே எடைபோடும் ஊரில், முகத்தைச் சரிசெய்ய நினைப்பவரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. கண்டிக்க வேண்டியது, அவருடைய அந்த ஆசையைப் பயன்படுத்தி முழு உண்மையையும் சொல்லாமல் விற்பவரை.

சொல்லாமல் விடும் உண்மைகளில் நம் தோலுக்கே உரியது ஒன்று உண்டு. மாநிறத் தோலில் சின்னக் காயம் பட்டாலும் ஆறிய இடம் கறுக்கும்; கொசுக்கடி தழும்புகூட மாதக்கணக்கில் நிற்கும். நுண்ணூசிகள் கொண்ட டெர்மா பென்னால் முகமெங்கும் குத்திவிட்டு, அடுத்த நாளே சென்னை வெயிலில் வண்டி ஓட்டினால், கரும்புள்ளி குறைய வந்தவர் கூடுதலான கருமையோடு நிற்க நேரலாம். தழும்பு தடித்து வளரும் கீலாய்டு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தட்டணு குறைந்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், கருவுற்றிருப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். கண்ணைச் சுற்றிய பகுதியில் செலுத்தியது ரத்தக் குழாய்க்குள் போய்ப் பார்வை பறிபோன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதானவைதான். ஆனால், ‘பக்கவிளைவே கிடையாது’ என்று சொல்லும் இடத்தில் இந்த அரிதும் சொல்லப்பட வேண்டும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு முதல் சிட்டிங்குக்கு வரும் மணப்பெண்ணைத் திருப்பி அனுப்பும் கிளினிக்தான் நல்ல கிளினிக்.

சுருக்கத்துக்கு முதல் காரணம் வெயில் என்பதில் அறிவியலுக்கு ஐயமில்லை. சன்ஸ்கிரீன், குடை, புகைபிடிக்காமல் இருப்பது, தோல் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ட்ரெட்டினாயின் களிம்பு ஆகியவற்றுக்கு இருக்கும் ஆதாரம் பி.ஆர்.பி.க்கு இன்றுவரை இல்லை. மாதம் சில நூறு ரூபாயில் முடியும் இந்த யோசனையைச் சொன்ன பிறகுதான் ஆயிரங்களின் பேச்சை எடுக்க வேண்டும்.

அதன் பிறகும் செய்துகொள்ள விரும்புகிறவர், தயங்காமல் கேட்க வேண்டியவை இருக்கின்றன. ஊசி போடப்போவது யார், தோல் மருத்துவத்தில் அவருடைய பட்டம் என்ன, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? குழாயும் டெர்மா பென்னின் ஊசி முனையும் உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கப்பட வேண்டும். உங்கள் பெயரைக் குழாயில் உங்கள் முன்னாலேயே எழுத வேண்டும். பயன்படுத்திய ஊசியைப் போடத் துளைக்க முடியாத வெள்ளை டப்பா அறையில் இருக்க வேண்டும். 2016-ன் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கேள்வி கேட்டதும் முகம் சுளிக்கும் இடமாக இருந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஆனால், படுக்கையில் மரப்புக் களிம்பு பூசிக்கொண்டு படுத்திருப்பவர் தலையில் கண்காணிப்பு வேலையையும் கட்டிவிட்டு அரசு ஒதுங்க முடியாது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-லேயே வந்தது. விதிகள் வர 2018 ஆனது. சின்ன கிளினிக்கும் பதிவுசெய்தாக வேண்டும் என்கிறது சட்டம். ரத்தம் எடுக்கும், தோலைத் துளைத்து ஊசி செலுத்தும் எந்த இடமும், பலகையில் ‘ஸ்பா’ என்றோ ‘சலூன்’ என்றோ ‘வெல்னஸ்’ என்றோ எழுதியிருந்தாலும், இந்தச் சட்டத்துக்குள்தான் வரும் என்று சுகாதாரத் துறை ஓர் ஆணையில் தெளிவாக்க வேண்டும். அழகு நிலையத்துக்குத் தொழில் உரிமம் தரும் மாநகராட்சி, ஊசி சிகிச்சை அங்கே கூடாது என்ற நிபந்தனையை உரிமத்திலேயே சேர்க்க வேண்டும். பி.ஆர்.பி. செய்யும் கிளினிக், வந்தவரின் பெயர், தேதி, குழாயின் தொகுப்பு எண், ஊசி போட்டவர் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, சில ஆண்டுகளாவது காப்பாற்ற வேண்டும். ஆல்புகர்கியில் இல்லாமல் போனது அதுதான். கிளினிக்கின் பதிவு எண்ணையும் மருத்துவரின் பதிவு எண்ணையும் இன்ஸ்டாகிராம் விளம்பரத்திலிருந்து பேருந்து நிறுத்தப் பலகை வரை எல்லா இடத்திலும் போடச் சொல்ல வேண்டும். எண் இல்லாத விளம்பரத்தைப் பார்த்த எவரும் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கு வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்ப ஓர் எண் போதும். அதைத் தொடங்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.